எண்ணெய் படக்கூடாத இடம்

பொத்தானை அழுத்தினேன். சத்தம் வரவில்லை.

கேமராவின் பின்கதவைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். லென்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கைப்பிடியை இழுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். லென்சுக்குள் இருந்த ஐந்து மெல்லிய ஷட்டர் தகடுகள், காலையில் எழுப்பினால் எழாதவர் கண்ணைத் திறப்பது போல மெதுவாக விலகின. பாதி வழியில் நின்றுவிட்டன. மூடவே இல்லை.

வாசலில் அப்பா கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா பாப்பா, இப்ப எப்பிடி வழுவழுன்னு போவுது?"

"என்னாப்பா பண்ண?"

"வெடிகாலையில எடுத்துப் பாத்தேன். உள்ள எல்லாம் காஞ்சி கெடந்துச்சி. மெஷினு எண்ணெய் நாலு சொட்டு வுட்டேன். ஒங்க காலேஜில இதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க."

அந்த முகத்தைப் பார்த்து "நல்லா இருக்குப்பா" என்றேன். அவர் திருப்தியாகப் படகுத் துறைக்குக் கிளம்பிப் போனார். நான் தகடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. கேமரா என்னுடையது இல்லை. திங்கட்கிழமை காலை அது அண்ணாமலை நகரில், காலேஜ் போட்டோ கிளப் அலமாரியில் இருந்தாக வேண்டும்.

ரெட்டைக் கண்

பிச்சாவரத்துக்கு வகுப்போடு போய்ப் படகில் ஏற மாட்டேன் என்று நான் அடம்பிடித்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படகுக்காரன் மகள் படகுக்குப் பயப்படுவாளா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பயமில்லை. காசு கொடுத்துப் படகில் ஏறுவது எனக்கு அசிங்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில்தான் போட்டோ கிளப்பைப் பற்றித் தெரியவந்தது. இயற்பியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கிளப்பில் இருபது பேர் இருந்தால் பத்தொன்பது பேர் பையன்கள். மூன்று கேமராக்கள். நல்ல இரண்டும் சுற்றிச் சுற்றி அவர்களிடமே இருக்கும். மிச்சம் இருந்தது ஒன்று. மேலே ஒரு கண், கீழே ஒரு கண், குனிந்து உள்ளே பார்த்துப் படமெடுக்கிற பழைய பெட்டி. யாரும் கேட்காததால் அது எனக்கு வந்தது.

செயலாளர் பிரபாகர் அண்ணன் அதைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார்.

"ஷட்டர் வேகத்த ஒரு நொடி, அரை நொடியில வெக்காத. அந்த மெதுவேகமெல்லாம் ரொம்ப வருஷமா தூங்குது. அப்புறம், இந்தக் கிளப்பில பொண்ணுக்குக் கேமரா குடுக்குறது இதான் முதல் தடவ. ஏதாச்சும் ஆச்சின்னா, உன்னோட போவாது. உனக்குப் பின்னால வர்றவளுக்கும் கெடைக்காது."

பக்கத்தில் ஒருவன், "மச்சான், ரசீது எழுதி வாங்கிக்கடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடலூர் பஸ்சில் ஏறினேன்.

கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு ஃபிலிம் சுருள். பன்னிரண்டு படம். நான் எடுக்க நினைத்தது அம்மாவை, மீன் ஏலத்தில். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஒரு போட்டோவும் சுனாமி அலை வந்தபோது போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு இருந்த படம் ரேஷன் கார்டில் இருந்தது மட்டும்தான். அதில் அம்மா, திருட்டுக் கேசில் பிடிபட்டவர் மாதிரி இருப்பார்.

அப்பாவின் குப்பி

அப்பா விசைப்படகு டிரைவர். என்ஜின் அவர் பொறுப்பு. கடற்கரையில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. இன்று துடைத்து வைத்த அரிவாள்மணை இரண்டு நாளில் சிவந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் எண்ணெய் போடுவது ஒரு பழக்கம். எங்கள் வீட்டில் அது ஒரு வெறி.

மூக்கு நீண்ட தகரக் குப்பி ஒன்று அப்பாவிடம் உண்டு. சுனாமிக்குப் பிறகு கிடைத்த காலனி வீட்டுக்குக் குடிவந்த அன்று பால் காய்ச்சுவதற்கு முன்பே, கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, தாழ்ப்பாள் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டார். என் குடைக்கு, சைக்கிளுக்கு, அம்மாவின் தராசுக்கு, ஒருமுறை என் ஹாஸ்டல் பெட்டியின் பூட்டுக்கு. அந்தப் பூட்டால் என் சுடிதார் ஒன்று வீணானது.

எண்ணெய் படக்கூடாத இடங்கள் என்று அவருக்குத் தெரிந்தவை இரண்டு மூன்றுதான். எல்லாம் படகில். தண்ணீர் பம்பை ஓட்டும் பெல்ட் அதில் ஒன்று. அந்த இடங்களில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்திருப்பார். படகில் வேலை செய்யும் ஏழு பேரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. பொட்டு எல்லோருக்கும் புரியும். சிவப்பைப் பார்த்தால் குப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

அன்பு மிகுந்துபோனால் அப்பா எண்ணெய் போடுவார். என் கேமராவுக்கும் அப்படித்தான் போட்டார்.

ஒயிட் பெட்ரோல்

தகடுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது புரிந்துவிட்டது. இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாது. அதைப் பற்றி லேபில் நான்கு பக்கம் எழுதி, சார் கையெழுத்தும் வாங்கியவள் நான். எண்ணெயைக் கரைத்து எடுக்க வேண்டும். கரைத்தது காற்றில் பறந்துபோக வேண்டும். மண்ணெண்ணெய் பிசுக்கு வைக்கும். டீசல் இன்னும் மோசம். வாட்ச் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஒயிட் பெட்ரோல்தான் சரி.

உப்பனாற்றைத் தாண்டி முதுநகருக்குப் போனேன். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்த வாட்ச் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெட்ரோல் எதுக்கும்மா?"

"கேமரா கழுவ."

பூதக்கண்ணாடியைக் கழற்றினார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வூட்டுல எதுனா பிரச்சனையாம்மா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். படிக்கிற பொண்ணு மாதிரி இருக்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் கேட்டு வந்த பெண்ணைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? பையில் இருந்த கேமராவை எடுத்து அவர் மேஜையில் வைத்து, கைப்பிடியை இழுத்து அழுத்திக் காட்டினேன். தகடுகள் பாதியில் நின்றதை அவரே குனிந்து பார்த்தார்.

"இத எங்கிட்ட குடுத்துட்டுப் போயேன். பத்து நாள்ல பாத்து வெக்கிறேன்."

"திங்கக்கெழம வேணும் பாய். நானே பண்ணிக்கிறேன்."

"கழட்டிட்டு மாட்டத் தெரியலன்னா?"

"கழட்டுனத வரைஞ்சி வெச்சிக்கிட்டா மாட்டலாம்."

அவர் சிரித்தார். இருமல் மருந்து பாட்டிலில் பாதி ஊற்றிக் கொடுத்து, "அடுப்பு பக்கம் கொண்டுபோவாத" என்றார். ஆற்றைத் தாண்டித் திரும்பும்போது அந்தப் பாட்டிலை துப்பட்டாவால் மூடிப் பிடித்திருந்தேன்.

கவராயம்

ஒன்பதாம் வகுப்பில் ஜாமெட்ரி பெட்டி வாங்கியபோது அம்மா அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கூர் வைத்த, டிவைடர் என்கிற கவராயத்தைப் பிடித்து, "இது எதுக்கு?" என்றார். நீளம் அளக்க என்றேன். "அதுக்குத்தான் ஸ்கேல் இருக்கே" என்றார். எங்கள் வீட்டில் யாரும் தொடாத பொருள் அது. நானும் அதிகம் தொட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அதற்கு வேலை வந்தது. முன் லென்சைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிப் பிடித்துத் திருகினேன். கழன்று வந்தது. அதற்கு அடியில் ஒரு வளையம். எதிரெதிராக இரண்டே இரண்டு பள்ளங்கள். எந்தத் திருப்புளியும் அதில் நிற்காது. கவராயத்தின் இரண்டு கூரையும் பள்ளத்துக்குப் பள்ளம் விரித்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். கால் அங்குலம் வழுக்கினால் கோடு விழும். வளையம் அசைந்தது. அதற்கு மேல் விரலாலேயே கழற்றினேன்.

உள்ளே பார்த்ததும் கொஞ்ச நேரம் கை வைக்கவே மனம் வரவில்லை. மிளகு அளவுப் பல்சக்கரங்கள், மயிர் போல ஸ்பிரிங்குகள். ஒரு நொடியைத் துண்டு துண்டாக நறுக்கும் தொழிற்சாலை, ஐந்து ரூபாய் நாணய அளவு ஓட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

கிராஃப் நோட்டில் பெரிதாகப் படம் வரைந்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் படத்தில் அது இருந்த இடத்திலேயே செல்லோ டேப்பால் ஒட்டினேன். காற்றில் எதுவும் பறக்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டேன். கருவாடு விற்றுவிட்டு வந்த அம்மாவுக்குப் புழுங்கியது.

"ஏன்டி ஃபேன நிறுத்திட்ட? ஐயய்ய, ஒடச்சிட்டியா?"

"இல்லம்மா. தொடைக்கிறேன்."

"தொடைக்கிறதுக்கு எதுக்கு இத்தினி துண்டு?"

காது குடையும் பஞ்சுக் குச்சியில் பெட்ரோலைத் தொட்டுத் தகடுகளைத் துடைத்தேன். குச்சி பழுப்பாக வந்தது. ஷட்டரை இழுத்து விட்டேன். உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் மறுபடி வெளியே வந்தது. மறுபடி துடைத்தேன். முப்பது குச்சி. நாற்பது குச்சி. கடைசியில் குச்சி வெள்ளையாகவே வந்தது. அழுத்தினேன்.

டிக்.

நகத்தால் கண்ணாடியைச் சுண்டினாற்போல ஒரு சத்தம். தகடுகள் திறந்ததையும் மூடியதையும் கண்ணால் பிடிக்க முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு ஐந்து முறை கேட்க வைத்தேன். "நல்லா இருக்குடி, ஃபேனப் போடு" என்றார்.

நானும்

இனிமேல் எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இதுதான் கதை.

எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன்னால், பளபளவென்று காய்ந்திருந்த தகடுகளைப் பார்த்தேன். ஜன்னல் வழியே காற்று வந்தது. உப்புக்காற்று. இப்படிக் காய்ந்து கிடந்தால் நாளைக்கே துரு ஏறிவிடுமே என்று மனம் பதறியது. அப்பாவின் குப்பி கையெட்டும் தூரத்தில் இருந்தது. நாலு சொட்டு வேண்டாம், ஒரே ஒரு சொட்டு, குச்சி முனையில் தொட்டு, ஒவ்வொரு தகட்டிலும் மெல்ல ஒரு பூச்சு. படித்த பெண் இல்லையா, அளவாகப் போட்டேன்.

சனிக்கிழமை காலை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. தகடுகள் பாதியில் நின்றன.

அப்பாவைச் சொல்லி என்ன? ஒரு சொட்டே ஒட்டிக்கொள்ளும் என்று நான்கு பக்கம் எழுதிய கைதான் எண்ணெயும் போட்டது. மறுபடி கிராஃப் நோட்டை விரித்தேன், கவராயத்தை எடுத்தேன். வளையத்தைக் கழற்றி முடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். நான்கு நாளாகக் கடல் சரியில்லாததால் படகு கரையிலேயே நின்றது. பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தார். குப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எண்ணெய் பத்தலையா பாப்பா?"

குப்பியின் மூக்கு தகடுகளை நோக்கிக் குனிந்தது. நான் கையை நீட்டிப் பொத்திக்கொண்டேன். இனி சொல்லாமல் முடியாது.

"பம்பு பெல்ட்டுல எண்ணெய் ஊத்துவியாப்பா?"

"யாராச்சும் ஊத்துவாங்களா? வழுக்கிக்கினு நின்னுடும்."

"இதுவும் அந்த மாதிரிதான்பா. இந்தத் தகடுங்க காஞ்சிதான் இருக்கணும். எண்ணெய் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

அப்பா குப்பியைக் கீழே வைத்தார். தகடுகளையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப நாந்தான் கெடுத்தனா?" என்றார்.

"நேத்து காலையில நீ. நேத்து சாயங்காலம் நானு."

"நீயுமா?"

"ஒரு சொட்டு."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரே அச்சு" என்றார்.

அன்று பகல் முழுக்க அப்பா டார்ச் பிடித்தார். என்ஜின் பார்க்கிற ஆள் என்பதால் கை ஆடவில்லை. இந்தத் தடவை தகடுகளோடு நிறுத்தவில்லை. பிரபாகர் அண்ணன் தூங்குது என்று சொன்ன மெதுவேகச் சக்கரங்களையும் பெட்ரோலில் கழுவினேன். கறுப்பாகப் பிசின் கரைந்து வந்தது. வேறு யாரோ, எங்கள் வீட்டுக்கு வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, அன்பாக எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

முழுவதும் காயவிட்டுப் பூட்டினேன். கேமராவின் வேக முள்ளை ஒரு நொடியில் வைத்து அழுத்தினேன். 'கிர்ர்ர்' என்று சக்கரங்கள் ஓடி, டிக் என்று மூடியது. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளோடு வைத்துப் பத்து முறை பார்த்தேன். பத்து முறையும் முள் ஒரு கோடுதான் நகர்ந்தது.

வேகமானவற்றைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. அதற்கு எங்கள் வீட்டுப் பழைய பிக்சர் டியூப் டீவி. டீவித் திரையில் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக, ஒரு நொடிக்கு ஐம்பது முறை வரையப்படுகிறது. கேமராவின் பின்கதவைத் திறந்து, கண்ணை வைத்து, டீவியைப் பார்த்து அழுத்தினால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் வரைந்த பகுதி மட்டும்தான் பளிச்சென்று தெரியும். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடியில் திரையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த வேகத்தில் அதில் பாதி. கடைசி வேகமான ஐந்நூறில் ஒரு மெல்லிய பட்டை. கணக்குப்படி எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே தெரிந்தது.

அப்பாவும் வாங்கிப் பார்த்தார். "என்னா இது, பாதி டீவிதான் வருது?"

"மீதிய வரையறதுக்குள்ள மூடிடுதுப்பா."

அப்பா இன்னும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு தீக்குச்சியும் இருந்தன. என்னைக் கேட்கவில்லை. கேமராவின் பக்கவாட்டில், தோல் ஒட்டாத ஒரு மூலையில், மிளகளவுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"அப்பா, இது கிளப்போடது."

"அதான் வெக்கிறேன். ஒங்க கிளப்பிலயும் என்ன மாதிரி ஒருத்தன் இருப்பான்."

ஆகாயத்தில் காரப்பொடி

ஞாயிற்றுக்கிழமை கடல் அடங்கியிருந்தது. விடிவதற்கு முன் போன அப்பாவின் படகு, வெயில் நன்றாக ஏறியபின் திரும்பியது. நான் துறையில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். சுருளில் பன்னிரண்டு. பதினொன்றை ஏலத்தில் எடுத்து முடித்தேன். அம்மா விலை கேட்கிறார், அம்மா முறைக்கிறார், அம்மா ஐஸ் உடைக்கிறார்.

கடைசி ஒன்று மிச்சம். படகில் இருந்து அப்பா ஒரு கூடை காரப்பொடி மீனை அம்மாவின் கூடைக்கு வீசிக் கொட்டினார். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கேமராவின் கண்ணாடிக்குள் வெள்ளி பறந்தது. முள் ஐந்நூறில் இருந்தது. அழுத்தினேன்.

டிக்.

திங்கட்கிழமை பிரபாகர் அண்ணன் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா இது, பொட்டு? பூஜை போட்டியா?"

"எண்ணெய் போடக்கூடாதுன்னு அர்த்தம். எண்ணெய் போட்டது எங்கப்பா. அப்புறம் நானு. கழட்டி எடுத்ததும் நான்தான். ஒரு நொடியில வெச்சிப் பாருங்கண்ணா."

"அது வேலை செய்யாதுன்னு சொன்னேன்ல."

"வெச்சிப் பாருங்க."

வைத்தார். கிர்ர்ர், டிக். மறுபடி வைத்தார். ரசீது எழுதி வாங்கச் சொன்னவன் எழுந்து வந்து தானும் ஒருமுறை அழுத்தினான். அண்ணன் அலமாரியைத் திறந்தார். நல்ல கேமரா என்று நான்கு வருடமாகச் சுற்றிய இரண்டில் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

"இதுல வேகம் அறுபதுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. அடுத்த வாரம் ஊருக்குப் போறியா?"

கண்காட்சியில் பன்னிரண்டாவது படத்தை வாசலுக்கு நேர்ச் சுவரில் மாட்டினார்கள். முப்பது நாற்பது மீன்கள் கூடைக்கும் கூடைக்கும் நடுவில் ஆகாயத்தில் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொன்றின் கண்ணும் தெரிகிறது. கீழே அம்மா, வாயைத் திறந்து அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் குடும்பப் படம் அதுதான்.

போன வருடம் வேறு வேலையாக அண்ணாமலை நகருக்குப் போனபோது கிளப் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரிச் சாவி ஒரு பெண்ணிடம் இருந்தது. செயலாளராம். ரெட்டைக் கண் கேமரா அதே தட்டில் இருந்தது. பக்கவாட்டில் பொட்டு. அடுத்த இரண்டிலும் பொட்டு. புதிதாக வாங்கியிருந்த டிஜிட்டல் கேமராவிலும், பளபளக்கும் கறுப்பு மூலையில், ஒரு சிவப்புப் பொட்டு.

"இது எதுக்கும்மா?"

"எண்ணெய் படக்கூடாதுக்கா. இங்க எந்தக் கேமரா வந்தாலும் மொதல்ல இத வெச்சிடணும். கிளப்பு ரூலு. யாரு போட்டாங்கன்னு தெரியல."

"எங்கப்பா."

அவள் சட்டென்று எழுந்து நின்றாள். "இங்க சாரா இருந்தாங்களாக்கா? எந்த டிபார்ட்மென்ட்?"

"படகு டிரைவர்" என்றேன்.